வீட்டில் வளர்த்த காய்கறி நாற்றை வெயிலுக்குப் பழக்கும் முறை

திருச்சிராப்பள்ளி நகரிலும் ஸ்ரீரங்கத்திலும் வீட்டுத் தோட்டம் போடுவோர் பலர் காய்கறி நாற்றை வீட்டுக்குள்ளேயே விட்டுக்கொள்கின்றனர். கூடத்துச் சன்னல், முற்றத்தின் ஓரம், அடுக்குமாடி வீட்டின் பால்கனி என்று கிடைத்த இடத்தில் குழித்தட்டோ, தேநீர்க் குவளையோ வைத்துத் தக்காளி, கத்திரி, மிளகாய் விதைக்கின்றனர். எலி, அணில், கனமழை ஆகியவற்றிலிருந்து நாற்றுக்குப் பாதுகாப்புக் கிடைப்பதால் இம்முறை நல்லதே. ஆனால் 25, 30 நாள் கண்ணும் கருத்துமாக வளர்த்த நாற்றை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துச் சென்று கொல்லையிலோ மொட்டை மாடியிலோ நட்டுவிடுவதில்தான் சேதம் நேர்கிறது. காலை 8 மணிக்கு நிமிர்ந்து நின்ற நாற்று பிற்பகல் 2 மணிக்குத் தலை சாய்ந்துவிடுகிறது. மறுநாள் இலைகளில் வெள்ளைத் திட்டுகள் தென்படுகின்றன. மூன்றாம் நாள் தண்டு மட்டுமே மிஞ்சுகிறது.

கடையில் வாங்கிய விதையானால் இன்னொரு பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம். பருவம் ஒரு மாதம் தள்ளிப்போவது மட்டுமே நஷ்டம். மணப்பாறைப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து துணியில் முடிந்து வந்த 30, 40 நாட்டுக் கத்திரி விதையானால் நிலைமை வேறு. அத்தனையும் ஒரே பகலில் போய்விட்டால், அந்த விதை மறுபடியும் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே நாற்றை வெளியே கொண்டுபோகும் அந்த ஒரு வாரத்தில் காட்டும் கவனம், விதைப்பில் காட்டும் கவனத்துக்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது.

முளைப்பாரியும் நாற்றும்

காவிரிக் கரைப் பெண்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆடிப்பெருக்குக்காகவும் அம்மன் கோயில் விழாவுக்காகவும் முளைப்பாரி போடுவோர் அதை இருட்டறையில் வைத்து வளர்க்கின்றனர். வெளிச்சம் இல்லாததால் பயிர் வெளிர் மஞ்சளாக, மெல்லிய தண்டுடன், ஒரே வாரத்தில் சாண் உயரம் எழும்பிவிடும். பார்க்க அழகுதான், ஆற்றில் விடப்போகும் பயிருக்கு அது போதும். தோட்டத்தில் 4, 5 மாதம் நின்று காய்க்க வேண்டிய நாற்றுக்கு அந்த வளர்ச்சி ஆகாது. சன்னலிலிருந்து நான்கடி தள்ளி வைத்த தக்காளி நாற்று, பாதி முளைப்பாரியாகவே வளர்கிறது என்று கொள்ள வேண்டும்.

வெளிச்சத்தின் அளவைப் பார்த்தால் இது தெளிவாகும். திறந்த வெளியில் உச்சி வெயிலின் ஒளி ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். வீட்டுக்குள் சன்னலைவிட்டுச் சற்றுத் தள்ளிய இடத்தில் அது சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடும். கண் இந்த வேறுபாட்டை உணர்வதில்லை. கூடம் நல்ல வெளிச்சமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும். இலைக்கு அப்படி இல்லை. நிழலில் விரிந்த இலை அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். அதன் மேல்தோலில் உள்ள மெழுகுப் படலம் கனமாக உருவாகியிராது. இலைத்துளைகளும் வறண்ட காற்றுக்கு ஏற்ப விரைந்து மூடிக்கொள்ளப் பழகியிரா. இந்த இலையைச் சட்டென்று வெயிலில் வைத்தால் வேர் உறிஞ்சித் தருவதைவிட அதிகமான நீர் இலை வழியே ஆவியாகிறது. தாங்க முடியாத ஒளியால் பச்சையமும் சிதைகிறது. இதுவே வெள்ளைத் திட்டாகத் தோன்றுகிறது. நோய் என்று எண்ணி மருந்து தெளிப்போர் உண்டு. அது வெயில் காயமே. மருந்து தெளித்தால் ஏற்கெனவே நொந்த இலை மேலும் கருகும்.

நாற்றைச் சிறிது சிறிதாக வெயில், காற்று, நீர்க் குறைவு ஆகியவற்றுக்குப் பழக்குவதையே கடினப்படுத்துதல் என்கின்றனர். 7 முதல் 10 நாள்களில் புதிய இலைகள் தடித்து, மெழுகு கனத்து, தண்டில் மாவுச்சத்து சேர்ந்து, வேர்த் தொகுதியும் பெருகிவிடுகிறது. நட்ட பிறகு புதிய வேர் விட இந்தச் சேமிப்பே கைகொடுக்கிறது.

வெளிநாட்டுத் தோட்ட நூல்களைப் படித்துவிட்டு நாற்று வளர்ப்போர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தப் பழக்கம் குளிருக்காகச் செய்யப்படுவது. அங்கே உறைபனிக் காலம் முடியும்வரை நாற்றைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து, பகலில் மூடியைத் திறந்தும் இரவில் மூடியும் பழக்குகின்றனர். நமக்கு இரவு பகையே அல்ல. திருச்சியில் பகை பகல் 11 மணிக்கு மேல் அடிக்கும் வெயிலும், ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்றுமே. ஆகவே அந்த நூல்களில் கூறியபடி இரவில் நாற்றை உள்ளே எடுத்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்றாம் நாள் முதல் இரவு முழுவதும் வெளியிலேயே விடுவது நல்லது.

காற்றின் கெடுதி

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று ஜூன், ஜூலை மாதங்களில் திருச்சியிலும் வலுவாக வீசும். மழையைக் குடகிலும் மலையாளக் கரையிலும் கொட்டிவிட்டு வறண்டு வரும் காற்று இது. வெயிலில்லாத நிழலில் வைத்த நாற்றுகூட இந்தக் காற்றில் இரண்டு மணி நேரத்தில் வாடிவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும்போது, ஒட்டடைபோல் நிற்கும் நாற்று எம்மாத்திரம்? எனவே முதல் நான்கு நாள் மேற்குப் பக்கம் சுவரோ தட்டியோ மறைவாக இருக்கும் இடத்திலேயே நாற்றை வைக்க வேண்டும். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் கிணற்றடிச் சுவரின் கிழக்குப் புறம் இதற்கு மிக உகந்த இடம். காலை வெயில் படும், மேல்காற்று தட்டாது, பிற்பகலில் சுவரே நிழல் தரும். மாடியில் நீர்த்தொட்டியின் கிழக்குப் புறம் அதே பயனைத் தரும்.

அதற்காகக் காற்றே படாமல் வைப்பதும் தவறு. மெல்லிய காற்றில் அசையும் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வளர்கிறது என்பது ஆராய்ச்சிகளில் உறுதிப்பட்ட செய்தி. வீட்டுக்குள் இருக்கும்போதே, ஈரம் இல்லாத தக்காளி நாற்றின் நுனிகளைக் காலையில் பத்துப் பதினைந்து தடவை உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டால் நாற்று ஒல்லியாக ஓடுவது குறையும். மிளகாய் நாற்றில் இதைச் செய்ய வேண்டாம். அதன் இலை எளிதில் கிழிந்துவிடும்.

எப்போது தொடங்குவது?

தக்காளி நாற்று 25 நாளிலும், கத்திரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 நாளிலும் நடவுக்கு வரும். அதிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பழக்கத்தைத் தொடங்க வேண்டும். ஆடி முதல் தேதி விதைத்த தக்காளிக்கு ஆடிப்பெருக்கு நாள் சரியான தொடக்கம். அன்று விதைத்த கத்திரியை அதற்கு ஒரு வாரம் கழித்தும், மிளகாயை ஆவணி பிறக்கும் தறுவாயிலும் வெளியே எடுக்கலாம். ஆவணியில் காற்று தணியத் தொடங்குவதால் நடவுக்கும் அது நல்ல காலம். புரட்டாசி, ஐப்பசியில் வெயில் தொல்லை குறைவு. ஆனால் வடகிழக்குப் பருவமழை தட்டுகளில் தேங்கி நாற்றழுகலைக் கொண்டுவரும். சித்திரையில், குறிப்பாக அக்கினி நட்சத்திர நாள்களில், எவ்வளவு பழக்கினாலும் புதிய நாற்று தாங்குவது அரிது. அப்போது விதைக்காமல் இருப்பதே சிக்கனம்.

முதல் இரண்டு நாள் காலை 7 முதல் 9 மணி வரை மட்டும் இளவெயில் படட்டும். பிறகு வெளியிலேயே நிழலில் இருக்கட்டும். மாலையில் உள்ளே எடுத்துவிடலாம். மூன்றாம், நான்காம் நாள் 10 மணி வரை வெயில். ஐந்தாம், ஆறாம் நாள் 11 மணி வரையும், மறுபடியும் மாலை 4 மணிக்கு மேலும் வெயில். ஏழாம், எட்டாம் நாள் முழுப் பகலும் வெளியில், ஆனால் உச்சி வேளையில் மட்டும் 50 சதவீத நிழல் வலையின் கீழ். அதன்பின் ஓரிரு நாள் முழு வெயில். நிழல் வலை இல்லாதோர் பழைய வெள்ளை வேட்டியை நாலு குச்சியில் இரண்டடி உயரத்தில் கட்டினால் போதும். இந்த நாள் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். மேகமூட்டமான நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான்கு நாள் மேகத்தில் இருந்த நாற்றை ஐந்தாம் நாள் 11 மணி வெயிலில் வைத்தால் முதல் நாள் வைத்ததற்கே சமம்.

நீரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தினம் இரு வேளை ஊற்றிப் பழகியோர் காலையில் ஒரு வேளை மட்டும் ஊற்றலாம். மேல் மண் காய்ந்து, இலையின் பளபளப்புச் சற்று மங்கும்போது ஊற்றினால் சரியாக இருக்கும். இலை தொங்கும்வரை விடக்கூடாது. குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு காய்ந்துவிட்டால் மறுபடி நீரை எளிதில் ஏற்காது என்பதால், அதில் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. தழைச்சத்து உரம், சாணக் கரைசல் எதையும் இந்த வாரத்தில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இளந்தளிர் விட்டு, செய்த வேலையெல்லாம் வீணாகும்.

மறுபுறம், கடினப்படுத்துதல் என்ற பெயரில் நாற்றைப் பட்டினி போட்டு வதைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வறட்சியில் நிற்கும் கத்திரி நாற்றின் தண்டு மரத்துப்போகும். நட்ட பிறகு ஒரு மாதம் வளராமல் நிற்கும். பூக்கோசு நாற்று இப்படி முற்றிவிட்டால், செடி வளரும் முன்பே பொத்தான் அளவு பூ வைத்துவிடும். தண்டு பென்சில் முனை கனத்துக்கு வந்து, இலை கரும்பச்சையாகி, வளைத்துவிட்டால் நிமிரும் நிலையே போதுமானது. தக்காளித் தண்டின் அடியில் லேசான ஊதா படர்வதும் நல்ல அடையாளம்.

வெள்ளை ஈயைக் கவனியுங்கள்

வீட்டுக்குள் இருந்தவரை பூச்சிகளிடமிருந்து தப்பியிருந்த நாற்றுக்கு வெளியே வந்த முதல் வாரமே ஆபத்தான காலம். தக்காளி இலைச்சுருள் நச்சுயிரியை வெள்ளை ஈ பரப்புகிறது. நாற்றுப் பருவத்திலேயே தொற்றிய செடியில் விளைச்சல் கிடைப்பது அரிது. குணப்படுத்த மருந்தும் கிடையாது. தை, மாசியில் விதைத்துப் பங்குனியில் நடுவோர்க்கு இத்தொல்லை அதிகம். எனவே பழக்கும் நாள்களில் கொசுவலைபோன்ற நெருக்கமான நைலான் வலையை நாற்றின் மேல் போர்த்தி வைப்பது அவசியம். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைப் பக்கத்தில் நட்டுவைத்தால் ஈ வந்திருப்பது தெரியும். மிளகாயில் இலைப்பேனும் சிலந்தியும் இதுபோலவே தொடக்கத்தில் நுழைந்து இலையைச் சுருட்டும். இலையின் அடிப்புறத்தைத் தினமும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கும் பழக்கம் பல செலவுகளை மிச்சப்படுத்தும்.

மாடிக்கு நாற்று போகும்போது

கொல்லை மண்ணைவிட மாடித் தளம் கொடியது. காங்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவு 9 மணி வரையில் வெளியிடும். நாற்றுத் தட்டையும் பையையும் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் அடுக்கி அரையடி உயர்த்த வேண்டும். கறுப்புப் பையின் மேற்குப் பக்கம் பிற்பகலில் தொட முடியாத அளவு சுடும். உள்ளே வேர் வெந்துவிடும். அந்தப் பக்கத்தில் ஈரச் சாக்கைச் சுற்றினாலும், பைகளை நெருக்கி வைத்து ஒன்றின் நிழல் மற்றொன்றில் விழச் செய்தாலும் சூடு தணியும். இன்னொன்று, பலர் கவனிக்காதது. வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் குழாயில் முதலில் வரும் நீர் வெந்நீராக இருக்கும். அதை அப்படியே நாற்றில் பீய்ச்சியதால் கருகிய இலைகளைப் பார்த்து உரத்தின் மேல் பழி போடுவோர் உண்டு. முதல் இரண்டு குடம் நீரை வாளியில் பிடித்து ஆறவிட்டுப் பிறகு பயன்படுத்தலாம்.

நடவு

மாலை 4.30 மணிக்கு மேல் நட வேண்டும். மேகமூட்டமுள்ள நாள் இன்னும் நல்லது. ஒரு மணி நேரம் முன்பாக நாற்றுக்கு நீர் ஊற்றினால் வேருடன் மண் உதிராமல் வரும். குழிக்கும் முன்னதாகவே நீர் விட வேண்டும். காய்ந்த குழியில் நட்டுப் பிறகு ஊற்றினால் சுற்றியுள்ள மண் நாற்றின் ஈரத்தையே முதலில் இழுத்துக்கொள்ளும். நாற்றைத் தண்டைப் பிடித்துத் தூக்காமல் மண் கட்டியைப் பிடித்து எடுக்க வேண்டும். சூடோமோனாஸ் அல்லது அசோஸ்பைரில்லம் கரைசலில் வேரைக் கால் மணி நேரம் நனைத்து நடுவது நன்மை தரும்.

நாற்று நீண்டு ஒல்லியாகிவிட்டதே என்று கவலைப்படுவோர்க்குத் தக்காளியில் மட்டும் ஒரு வழி இருக்கிறது. தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடமெல்லாம் வேர் விடும். கீழ் இலைகளை நீக்கிவிட்டு முக்கால் பாகம் தண்டைப் புதைத்து நடலாம். குழி ஆழம் போதாவிட்டால் தண்டைச் சாய்த்துப் படுக்க வைத்து நுனியை மட்டும் வெளியே விடலாம். கத்திரியையும் மிளகாயையும் இப்படிப் புதைக்கக் கூடாது. நாற்றங்காலில் இருந்த ஆழத்தைவிட விரல் கடை அளவு கூடுதலாக வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் கழுத்தழுகல் வரும். இடைவெளி தக்காளிக்கும் மிளகாய்க்கும் 60க்கு 45 செ.மீ., கத்திரிக்கு 60க்கு 60 செ.மீ. இருக்கட்டும். வீட்டுத் தோட்டத்தில் எல்லோரும் நெருக்கியே நடுகின்றனர். இரண்டு மாதம் கழித்து அதன் பலன் தெரியும்.

குவளையில் வளர்ந்த நாற்றின் வேர் அடியில் வட்டமாகச் சுற்றியிருந்தால் அதை விரலால் மெல்லப் பிரித்துவிட வேண்டும். தையல் இலைத் தொன்னையிலோ வாழைப்பட்டையைச் சுருட்டிய குப்பியிலோ விதைத்திருந்தால் அப்படியே குழியில் வைத்துவிடலாம். அது மண்ணில் மக்கிவிடும். கொட்டாங்கச்சி எளிதில் மக்காது. அதிலிருந்து நாற்றை எடுத்துத்தான் நட வேண்டும். வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, கீரைகள் ஆகியவற்றை நாற்று விடுவதே வீண் வேலை. நேரடியாக விதைப்பதே முறை. பீர்க்கு, புடல், பாகல், சுரை போன்ற கொடிகளைத் தொன்னையில் விதைத்து, இரண்டு இலை வந்ததும் 12, 15 நாளில் வேர் கலையாமல் மாற்றிவிட வேண்டும். இவற்றுக்கு மூன்று, நான்கு நாள் பழக்கமே போதும்.

இரண்டு ஊர், இரண்டு மண்

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. மண் வண்டல் கலந்த மணற்பாங்கு. வேர் இறங்க எளிது, ஆனால் நீர் நிற்காது. பழைய வீட்டுக் கொல்லைகளில் செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் கலந்திருந்தால் ஓரடி ஆழம், ஓரடி அகலம் தோண்டி, அவற்றைப் பொறுக்கி எறிந்து, மக்கிய எரு பாதி, மண் பாதி கலந்து நிரப்ப வேண்டும்.

நகருக்குத் தெற்கே மணிகண்டம், நாவலூர் குட்டப்பட்டுப் பக்கம் வீடு கட்டிக் குடியேறியோர்க்குப் பிரச்சினை வேறு. அங்கே பல இடங்களில் உவர்க் களர் நிலம். சோடிய உப்பு மிகுந்து, கார அமில நிலை 8.5க்கு மேல் போய், மண் காய்ந்தால் கல்லாகவும் நனைந்தால் சேறாகவும் இருக்கும். தென்னை நார்க்கழிவின் மென்மையில் வளர்ந்த வேர் அந்த மண்ணுக்குள் இறங்க மறுத்து, மண் கட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். செடி பத்து நாள் பச்சையாக நின்று பிறகு மஞ்சளிக்கும். நாற்றைக் குறை சொல்லிப் பயன் இல்லை. மண்ணையும் ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் பரிசோதித்து, தேவைக்கேற்ப ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணில் சேர்த்து, அதன் பிறகே காய்கறி போட வேண்டும். அதுவரை மேட்டுப்பாத்தியிலோ பைகளிலோ நல்ல மண் நிரப்பி நடலாம். பீன்ஸ் வகைகள் உப்பைச் சிறிதும் தாங்கா. அவற்றை அங்கே முயலவே வேண்டாம். சிறுகமணியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாவலூர் குட்டப்பட்டில் உள்ள வேளாண், தோட்டக்கலைக் கல்லூரிகளையும் அணுகி ஆலோசனை பெறலாம்.

நட்ட பின்

நட்ட அன்றும், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீரும் தவறாமல் கொடுக்க வேண்டும். அதன்பின் மண்ணை விரலால் தோண்டிப் பார்த்து ஊற்றினால் போதும். முதல் நான்கைந்து நாள் நண்பகலில் நாற்றுச் சற்றுத் துவளும். மாலையில் நிமிர்ந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. துவண்டதைக் கண்டதும் குடம் குடமாக ஊற்றுவது வேரை அழுகச் செய்யும். மாலை 6 மணிக்கும் நிமிராத நாற்றுக்கே உதவி தேவை. அதற்கு நம் விவசாயிகள் காலங்காலமாகச் செய்யும் முறை போதும். வாழை மட்டையை முழ நீளம் வெட்டி, நாற்றின் தென்மேற்கில் சாய்வாகக் குத்திவைக்க வேண்டும். காவிரிக் கரையில் வாழை மட்டைக்கா பஞ்சம்? மூன்று, நான்கு நாளில் மட்டை காய்ந்து சுருங்கும்போது நாற்றும் பிடித்துக்கொண்டிருக்கும். பூவரசங் கிளையும் பனையோலைத் துண்டும் இதற்கு ஆகும். காய்ந்த மட்டையை எறியாமல் தூரைச் சுற்றிப் பரப்பினால் மூடாக்காகவும் பயன்படும்.

வெயில் காயம் பட்ட இலைகளை அவசரப்பட்டுக் கிள்ள வேண்டாம். பாதி பச்சை இருந்தாலும் அந்த இலை உணவு தயாரிக்கும். நடுக்குருத்தில் இரண்டு புதிய இலை வந்த பிறகு கிள்ளிவிடலாம்.

நாற்று முழுவதையும் ஒரே நாளில் நட்டுவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கை, அதுவும் நாட்டு விதையானால் பாதியை, கிணற்றடி மறைவிலேயே ஒரு வாரம் நிறுத்திவைக்க வேண்டும். முதலில் நட்டதில் பழுதான இடங்களில் பத்து நாளுக்குள் இவற்றைக் கொண்டு பாடுவாசி நிரப்பலாம். அதற்கு மேல் தாமதித்து நட்டால், முன்பே நட்ட செடிகளின் நிழலில் பின்னது வளராது. மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது அது எத்தனை நாள் வெயிலில் இருந்தது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.